கம்பி எங்கே அறுந்தது?

‘இன்ரநெற் இல்லை’ என்னும் வாசகம் இன்று எமது கிராமங்களில் ‘மழை இல்லை’ என்னும் வாசகத்தைப் போல வழங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் மழை இல்லையென்று வானத்தைப் பார்த்துக் கைகட்டி நின்றவர்களல்லர் எம் முன்னோர். குளங்கட்டினார்கள், துருசு வைத்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள். வன்னி மண்ணின் வரலாற்றில் பெரும்பகுதி குளங்களின் வரலாறுதான். இணையம் இல்லையென்று திரை அறிவித்தவுடனோ, படித்தவரும் படியாதவரும் ஒருங்கே செயலற்றுப் போகின்றனர். யாரோ ஒருவர் எங்கிருந்தோ வரவேண்டும். வந்து எதையோ செய்யவேண்டும். அதுவரை காத்திருப்பதே கடன். இந்த மனோபாவம் எவ்வாறு உண்டாயிற்று, இதனால் இலாபமடைவோர் யார், நட்டமடைவோர் யார் என்று ஆராய்வது ஆசிரியர்களாகிய எமக்கு ஏற்ற காரியமென்றே கருதுகின்றேன். அதற்குத் தூரதேசத்து உதாரணம் வேண்டியதில்லை. தண்ணீரூற்றில் ஒரு பாடசாலையின் கணினி அறையில் நேர்ந்த சர்வசாதாரணமான பழுதொன்றே போதுமானது.

நான் தமிழ் கற்பிப்பவன். பல்கலைக்கழகத்தில் நான் பயின்றது இலக்கணமும் இலக்கியமும். எனினும் வன்னிப் பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் ஒரு பாடத்துக்கு மட்டும் உரியவராக இருப்பது அபூர்வம். கணினி அறையின் சாவி சில வருடங்களாக என்னிடமே இருக்கின்றது. அவ்வறையிலுள்ள பெட்டிகள் யுத்தம் முடிந்தபின் நன்கொடையாக வந்தவை. அவை வந்த நாளில் நாடா வெட்டப்பட்டது, மாலைகள் விழுந்தன, படங்கள் பிடிக்கப்பட்டன. பெட்டி கெட்டால் என் செய்வது என்று அன்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு பெட்டிகளில் இன்று ஐந்து இயங்குகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மட்டும் அலுவலகத்திலுள்ள றவுட்டரிலிருந்து, நடைபாதைக் கூரையின் கீழாக ஒரு கேபிள் இழுக்கப்பட்டிருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு உலகத்தோடுள்ள தொடர்பு அந்த ஒரு கேபிள்தான்.

2025 சித்திரை மாதத்தில் ஒருநாள் மாலை கடும் இடிமுழக்கத்தோடு மழை பெய்தது. மறுநாட் காலையில் அந்தப் பெட்டியின் திரை மூலையில் சிவப்புப் புள்ளடி ஒன்று தோன்றியது. “இடி விழுந்து எரிஞ்சு போச்சு” என்பதே சகலரின் தீர்ப்பு. மேலிடத்துக்குத் தொலைபேசியிற் சொன்னோம். “ஒண்டிலயும் கைவைக்காதேங்கோ. பிளக்கைக் கழட்டிவிடுங்கோ. ஆள் வரும்” என்று பதில் கிடைத்தது. பிளக்கைக் கழற்றினோம். ஆள் வரவில்லை. ஒரு வாரம் சென்றது. மறு வாரமும் சென்றது.

இதற்கிடையில் ஏப்ரல் 26ஆந் தேதி உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாயின. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இப்போது இணையவழியே செய்யப்படுவது. கையிலுள்ள தொலைபேசியில் நிரப்பலாமே என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். கண்ணாடி வெடித்த சிறு திரையில், பல பக்கங்கொண்ட ஆங்கிலப் படிவத்தை, கற்கைநெறிகளின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்குபடுத்தி நிரப்பிப் பார்த்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். ஒழுங்கு மாறினால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறிவிடும். ஆகவே பிள்ளைகள் கொமினிக்கேசன் கடைக்குப் போகின்றனர். அங்கே காசு வாங்கிக்கொண்டு வேறொருவர் தட்டுகிறார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது; அவருக்கும் அவசரம். கச்சான் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் ஒரு தாயின் மகள், தான் எதைப் படிக்கப்போகிறாள் என்னும் வரிசையை, முன்பின் அறியாத ஒருவரின் விரல்கள் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அந்தப் பிள்ளைதான் மே மாதத் தொடக்கத்தில் என்னிடம் வந்து, “சேர், அந்தக் கொம்பியூட்டரை நாங்களே ஒருக்காப் பார்ப்பமே?” என்று கேட்டவள்.

அவளோடு பன்னிரண்டாந் தரத்து மாணவர் இருவர் சேர்ந்துகொண்டனர். பெட்டியைத் திறக்கக்கூடாது என்ற ஆணையை நாம் மீறவில்லை. திறவாமலே பார்க்கக்கூடியவை எத்தனை என்பதை அன்றுதான் அவர்கள் கண்டனர். பிளக்கை மீண்டும் குத்திப் பெட்டியை இயக்கினோம். பெட்டி முழுவதும் எரிந்ததென்றால் உயிரே வராது, உயிர் வந்தது.

“சேர், பின்னுக்கு லைற் எரியேல்லை.”

“எந்த லைற், பிள்ளை?”

“கேபிள் குத்துற இடத்திலை. முந்தி பச்சையா மினுங்கும்.”

அச்சிறு விளக்கின் பொருளை அறிந்தவர் பாதிப் பழுதை அறிந்தவர். கேபிளின் இரு முனைகளிலுமுள்ள கருவிகள், சொல்வதற்கு எச்செய்தியும் இல்லாத வேளையிலும், வினாடிக்கு அறுபது தடவையளவில் ஒரு சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. மறுமுனையின் துடிப்பைக் கேட்டாலே விளக்கு எரியும். விளக்கு எரியாதவரை திரையில் எந்த மாற்றத்தைச் செய்தும் பயனில்லை. இதை அறியாமையால் மணிக்கணக்காகத் திரையோடு மல்லாடுவோர் எத்தனை பேர்!

பழுதைத் தேடுவதற்கும் ஒரு தருக்கம் உண்டு. சந்தேகத்துக்குரியவை நான்கு: பெட்டி, கேபிள், றவுட்டர், வெளியே செல்லும் தொடர்பு. நான்கையும் ஒரே நேரத்தில் சந்தேகித்தால் ஒன்றும் விளங்காது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்க்கவேண்டும். அலுவலக வாசலில் நின்று கைத்தொலைபேசியை றவுட்டரோடு இணைத்தோம், இணையம் வந்தது. ஆகவே இரண்டு வாரமாக ஊர் முழுவதும் சொல்லிவந்த ‘இன்ரநெற் இல்லை’ என்னும் வாசகம் பொய். அடுத்து அதிபர் தமது மடிக்கணினியைத் தந்துதவினார். றவுட்டரின் பக்கத்தில் சிறு கேபிளால் இணைத்தபோது அதில் பச்சை எரிந்தது. அதையே கணினி அறைக்குக் கொண்டுசென்று, பழுதான பெட்டியின் கேபிளைக் கழற்றி இதிற் குத்தினோம்; எரியவில்லை. றவுட்டரில் வேறு துளைக்கு மாற்றினோம், அப்போதும் எரியவில்லை. பெட்டியைக் குற்றஞ்சாட்ட இனி ஆதாரமில்லை. குற்றவாளி கூரையின் கீழே கிடந்த கேபிள்தான்.

மாணவருள் ஒருவன், 1990 ஒக்டோபரில் இவ்வூரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதியாய் வாழ்ந்து மீண்டுவந்த முஸ்லிம் குடும்பமொன்றின் பேரன். அவனுடைய மாமா அங்கே கைத்தொலைபேசி திருத்துபவர். விடுமுறைக்கு வந்திருந்த அவரிடமிருந்து கேபிள் சோதிக்கும் கருவியையும், முனை பொருத்தும் குறட்டையும், சில ஆர்ஜே-45 முனைகளையும் வாங்கி வந்தான். சோதிக்கும் கருவியில் எட்டுக் கம்பிகளுக்கும் எட்டு விளக்குகள். ஒன்று, இரண்டு எரிந்தன, மூன்று எரியவில்லை, நான்கு, ஐந்து எரிந்தன, ஆறு எரியவில்லை, ஏழும் எட்டும் எரிந்தன.

இந்த எட்டுக் கம்பிகளைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எம் பாடநூல்கள் இவற்றின் பெயர்களைத் தருகின்றன, வரலாற்றைத் தருவதில்லை. எட்டும் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டவை. முறுக்கு அலங்காரமன்று. அயலில் ஓடும் மின்சாரம் கேபிளின்மீது இரைச்சலைப் பாய்ச்சுகிறது. முறுக்கிய சோடியில் அது இரு கம்பிகள்மீதும் ஏறத்தாழச் சமமாக விழும். பெறும் கருவி அவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே வாசிப்பதால் சமமாக விழுந்த இரைச்சல் கழிந்துபோகும். தொலைபேசிக் கம்பிகளின் இரைச்சலுக்குப் பரிகாரமாக அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ நூற்றைம்பது வருடங்களாகியும் அம்முறுக்கு மாறவில்லை.

இக்கம்பிவழிப் பேச்சின் நியதி பிறந்த கதை வேறு. 1971இல் ஹவாய்த் தீவுகளில் நோர்மன் ஏப்ரம்சன் என்பவரின் குழு தீவுக்குத் தீவு வானொலி மூலம் கணினிகளைப் பேசவைத்தது. இரண்டு கணினிகள் ஒரே வேளையிற் பேசினால் செய்திகள் மோதிச் சிதையும். சிதைந்தால் ஒவ்வொன்றும் வேறுவேறு அளவு நேரம் பொறுத்து மீண்டும் பேசவேண்டும் என்பதே அவர்கள் கண்ட விதி. அதை வளர்த்துக் கம்பிக்குக் கொணர்ந்தவர் ரொபேட் மெற்காஃப். ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வுகூடத்தில் 1973 மே 22இல் அவர் எழுதிய குறிப்பிலேதான் ‘ஈதர்நெற்’ என்னும் பெயர் தோன்றியது. டேவிட் பொக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை இயக்கியும் காட்டினார். ஒளி பரவுவதற்கு ஈதர் என்னும் ஊடகம் எங்கும் நிறைந்திருப்பதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் நம்பினர். 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் அதைத் தேடிக் காணாது போயினர். இல்லையென்று விஞ்ஞானம் கைவிட்ட பொருளின் பெயர் இன்று உலகெங்கும் ஒரு கேபிளுக்கு வழங்குகிறது. பெயர்ச்சொல் ஆராய்ச்சியிற் பிரியமுள்ள என்போன்றோருக்கு இது சுவையான செய்தி.

நிற்க. நடைபாதைக் கூரையில் ஏணி வைத்து ஏறிய மாணவன் இடத்தைக் கண்டான். இடியல்ல, அணில். வளைமரத்தோடு சேர்த்துக் கூடு கட்டியிருந்த அணில், கேபிளின் உறையைக் கொறித்துப் பச்சைச் சோடியைத் துண்டித்திருந்தது. அறுந்த நுனியைக் கத்தியாற் சுரண்டியபோது இன்னொரு உண்மையும் வெளிப்பட்டது. உள்ளே வெள்ளை. அது செம்புக் கம்பியன்று. செம்பு பூசிய அலுமினியம். விலை குறைந்தது, இலகுவில் முறிவது, தூரம் கூடக்கூடச் செய்தியை நலிவிப்பது. பற்றுச்சீட்டில் எதன் விலை எழுதப்பட்டதென்பதை நான் கண்டேனில்லை. ஊகிப்பதற்கு ஊகமே போதும். அணிலுக்கு முன்னரே இக்கேபிளைக் கொறித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

புதுக் கேபிளுக்குப் பணமில்லை. அறுந்த இடத்தில் முறுக்கி ஒட்டினால் நெடுநாள் நில்லாது. அப்போதுதான் அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள்:

“சேர், எட்டுக் கம்பியும் வேலை செய்யுதே?”

இல்லை. எமது பழைய பெட்டிகளின் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கே போதும். ஒரு சோடி பேச, ஒரு சோடி கேட்க. நீலச் சோடியும் மண்ணிறச் சோடியும் வெறுமனே கிடக்கின்றன.

“அப்ப மண்ணிறத்தைத் தூக்கிப் பச்சையின்ரை இடத்திலை போட்டால் என்ன?”

ஒன்றுமில்லை, இரு முனைகளிலும் ஒரேவிதமாகப் போட்டால் சரி. ஐம்பது பக்கக் கைந்நூலைப் படித்தவர்களுக்கும் உடனே தோன்றாத யோசனை அது. பழைய முனைகளை வெட்டி, மண்ணிறச் சோடியை மூன்றிலும் ஆறிலும் இருத்திக் குறட்டால் அழுத்தினார்கள். முதன்முறை ஒழுங்கு பிழைத்தது. வெட்டி மீண்டும் பொருத்தினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கொறித்த இடத்துக்கு நாடா சுற்றினோம்.

விளக்கு எரிந்தாலும் இணையம் வந்துவிடாது. அதற்கு மேலும் படிகள் உண்டு. ‘பிங்’ என்னும் கட்டளை இப்படிகளில் ஏறுவதற்கு ஏற்ற கருவி. மைக் மியூஸ் என்பவர் 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடமொன்றில் எழுதியது. கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையே அதன் பெயர். யுத்த ஆய்வுகூடத்திற் பிறந்த கருவி, யுத்தம் தின்ற ஊரின் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுகிறது. விஞ்ஞானம் யார் கையில் இருக்கிறது என்பதே எப்போதும் கேள்வி. முதலில் 127.0.0.1 என்று தட்டினோம். பெட்டி தனக்குத் தானே பதில் சொன்னது. பிறகு றவுட்டரின் முகவரி; பதில் வந்தது. பெட்டியின் சொந்த முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தால் றவுட்டர் அதற்கு முகவரி வழங்கவில்லை என்று பொருள், எமதில் 192.168 என்று ஒழுங்காக இருந்தது. பிறகு 8.8.8.8 என்னும் வெளியூர் முகவரி. அதுவும் பதில் சொன்னது. எண்ணுக்குப் பதிலாகப் பெயரைத் தட்டினோம்; பெயரும் முகவரியாக மாறியது. கம்பி, முகவரி, வழி, பெயர், எல்லாம் சரி. ஆனால் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. ‘பாதுகாப்பற்றது’ என்னும் எச்சரிக்கை திரையை மறித்தது.

அந்தப் பிள்ளை திரையின் மூலையைக் காட்டினாள்.

“சேர், இதிலை ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, ஜனவரி முதலாந் திகதி எண்டு கிடக்கு.”

பெட்டியின் உள்ளே நாணயமளவான ஒரு மின்கலம் உண்டு. மின்சாரம் அற்ற வேளையிலும் கடிகாரத்தை ஓடவைப்பது அது. அது செத்த நிலையில், பிளக்கைக் கழற்றி இரண்டு வாரம் வைத்திருந்ததால், கடிகாரம் ஆலையில் குறிக்கப்பட்ட ஆதித் தேதிக்குத் திரும்பிவிட்டது. இணையத் தளம் ஒவ்வொன்றும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டும். அச்சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2025இன் சான்றிதழ் 2009இல் இருக்கும் பெட்டிக்கு இன்னும் பிறவாத ஒன்று. ஆகவே அது நம்ப மறுக்கிறது. விளக்கம் இவ்வளவுதான். விளக்கத்தை நான் உடனே சொல்லவில்லை. சிறிது நேரம் அவ்வறையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

2009 ஜனவரியில் தண்ணீரூற்றில் சனம் இல்லை. முல்லைத்தீவு நகரம் அம்மாதம் 25ஆந் தேதி இராணுவத்தின் கையிற் சென்றது. ஊர் முழுவதும் முன்னரே பெயர்ந்து, உழவியந்திரங்களிலும் துவிச்சக்கர வண்டிகளிலும் தலைச்சுமையாகவும் வீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தது. என் முன் நின்றவளுக்கு அப்போது மூன்று வயது. தந்தை மே மாதத்துக்குப் பின் இல்லை. அந்தப் பெட்டி எந்த ஆலையிற் செய்யப்பட்டதோ, அங்குள்ள தொழிலாளி இத்தேதியின் கனத்தை அறிந்திருக்க நியாயமில்லை. அவளே சுட்டியை எடுத்தாள், ஆண்டை மாற்றினாள், மாதத்தை மாற்றினாள். பக்கம் திறந்தது.

இனி, தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு வருவோம். கைகட்டி நிற்கும் மனோபாவம் எம்மவரின் இயல்பு என்று சொல்வோர் வரலாறு அறியாதவர்கள். 1990இல் வன்னிக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் இது. துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய சனம். ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பரீட்சைக்குப் படித்த தலைமுறையே இன்று ஆசிரியர்களாய் இருக்கின்றது. அந்த வறுமையைப் போற்றுவது என் கருத்தன்று. அப்படிப் போற்றுவோர் பெரும்பாலும் அதை அனுபவியாதவர்கள். நான் சொல்வது வேறு. அன்று எந்தப் பொருளைத் திறக்கவும் எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. இன்று பொருளோடு முத்திரையும் வருகிறது. ‘திறந்தால் உத்தரவாதம் இல்லை.’ உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. முத்திரையின் அச்சம் முடியவில்லை.

இது எமது ஊரின் தனிக்கதையுமன்று. அமெரிக்க விவசாயிகள் தாம் விலைகொடுத்து வாங்கிய உழவியந்திரத்தைத் தாமே திருத்தும் உரிமைக்காக அவற்றைச் செய்த கம்பனிகளோடு வருடக்கணக்காகப் போராடி வருகின்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கெனச் சட்டமொன்றை நிறைவேற்றியது. விற்றவன் கையிலேயே திருத்தும் அறிவும் இருக்குமானால், வாங்கியவன் உரிமையாளனல்லன், குடியிருப்பவன்தான். நன்கொடையாகப் பெற்றவனின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

மொழியும் இதிற் சேர்கிறது. எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. பாடநூலில் ‘வலையமைப்பு’, ‘ஆளி’, ‘வடம்’ என்று நல்ல தமிழ்ச் சொற்கள் உண்டு. பரீட்சைக்கு அவை பயன்படுகின்றன. ஆனால் பாடநூலில் வடத்தைப் படித்த பிள்ளை, கூரையின் கீழே கிடக்கும் கேபிளே அந்த வடம் என்று அறிவதற்கு ஒருமுறையேனும் அதைக் கையில் எடுத்திருக்கவேண்டும். சொல்லையும் பொருளையும் சேர்த்துக் கொடுக்கும் வேலையைத் தமிழாசிரியன் செய்தால் ஒன்றும் குறைந்துபோகாது.

அந்தப் பெட்டியில் மே மாதத்தில் பதினொரு பிள்ளைகள் தம் விண்ணப்பங்களைத் தாமே நிரப்பினர். மின்கலம் மாற்றப் பெட்டியைத் திறக்கவேண்டியிருந்ததால், தினமும் காலையில் முதல் வருபவர் தேதியை மாற்றுவது என்று வழக்கப்படுத்திக்கொண்டனர். மேலிடத்து ஆள் மூன்றாம் வாரத்தில் வந்தார். இளைஞர்; ஒப்பந்தச் சம்பளம்; எத்தனையோ பாடசாலைகளுக்குத் தன்னந்தனியாகத் தன் சொந்த மோட்டார்ச் சைக்கிளில் ஓடுபவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. மூன்றிலும் ஆறிலும் மண்ணிறச் சோடியைக் கண்டு, “ஆர் இதைச் செய்தது?” என்று கேட்டார். பிள்ளைகளைக் காட்டினேன். சிரித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து மின்கலத்தை மாற்றினார். பதிவேட்டில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று எழுதி ஒப்பமிட்டார்.

குறடு ஒன்று, சோதிக்கும் கருவி ஒன்று, முனைகள் நூறு, செம்புக் கம்பிக் கேபிள் ஐம்பது மீற்றர் வேண்டுமென்று விண்ணப்பித்தோம். இவை பாடசாலைக்கு வழங்கும் பொருட்களின் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பழைய பிளாஸ்ரிக் தண்ணீர்க் குழாயை நெடுகப் பிளந்து, கேபிளின்மேல் மாட்டிக் கட்டியிருக்கிறோம். அணில் அதே கூட்டில்தான் இருக்கிறது.